அத்தியாயம் 6: தடாகத்தின் உட்பரப்பு – மலைத் தண்ணீருக்கு எது தாக்குப்பிடிக்கும்?

டைல் கடைக்குப் போகும் முன் பீலியடிக்குப் போய்ப் பாருங்கள். எந்தத் தோட்டத்திலும் லயத்துக்குப் பக்கத்தில் ஒரு பீலி இருக்கும். அதன் கீழே எப்போதோ ஒரு மேசன் பாஸ் சீமெந்து போட்டு வழுவழுப்பாக இழுத்துவிட்ட மேடை இருக்கும். தண்ணீர் விழும் இடத்தைக் குனிந்து பாருங்கள். மேல்பூச்சு போய், மணலும் போய், கருங்கல் சல்லி பல்லிளித்துக்கொண்டிருக்கும். தண்ணீர் படாத ஓரத்திலோ கரண்டி ஓடிய தடம்கூட அழியாமல் இருக்கும்.

விழுகிற வேகம்தான் காரணம் என்று தோன்றலாம். அப்படியானால் தோட்டத்துத் தண்ணீர்த் தாங்கியின் மூடியைத் திறந்து உள்சுவரைத் தடவிப் பாருங்கள். அங்கே தண்ணீர் அசையாமல்தான் நிற்கிறது. நீர்மட்டத்துக்கு மேலே சுவர் வழுவழுப்பாக இருக்கும். கீழே விரலில் மணல் ஒட்டும். பழைய தாங்கியென்றால் நகத்தால் சுரண்டினாலே உதிரும். மலைத் தண்ணீர் சீமெந்தைத் தின்கிறது. நீச்சல் தடாகத்துக்கு உட்பரப்பு தேர்ந்தெடுக்கும்போது இதைத்தான் முதலில் மனதில் வைக்க வேண்டும். பட்டியல் புத்தகத்தில் இருக்கும் நீலமும் பச்சையும் அதற்குப் பிறகுதான்.

1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் அரசுக்குப் போன தோட்டங்கள் 1992 இல் பிராந்தியக் கம்பனிகளின் நிர்வாகத்துக்கு வந்தன. அதன் பிறகு, வெறுமையாகக் கிடந்த பல துரைமார் பங்களாக்கள் விருந்தினர் விடுதிகளாகின. காசல்றீ நீர்த்தேக்கத்தைச் சுற்றியிருந்த பங்களாக்களை சிலோன் டீ ட்ரெயில்ஸ் 2005 இல் விடுதிகளாகத் திறந்ததிலிருந்து, பங்களா என்றால் பின்முற்றத்தில் ஒரு தடாகமும் வேண்டும் என்ற எதிர்பார்ப்பு டிக்கோயா, நோர்வூட், பொகவந்தலாவ, மஸ்கெலியா எங்கும் பரவிவிட்டது. கட்ட வருகிறவர்கள் பெரும்பாலும் கீழ்நாட்டு ஒப்பந்தக்காரர்கள். வேலை தெரிந்தவர்கள்தான். ஆனால் அவர்களுக்குப் பழகிய தண்ணீர் வேறு, பழகிய வெயில் வேறு.

தண்ணீர் ஏன் தின்கிறது?

யாழ்ப்பாணத்தில் தண்ணீர் கொதிக்க வைக்கும் கேத்தலின் உள்ளே வெள்ளைப் படை பிடிக்கும். அது சுண்ணக்கல்லில் ஊறிய கிணற்றுத் தண்ணீர். ஹட்டனில் எத்தனை வருடம் பாவித்த கேத்தலிலும் அந்தப் படையைக் காண்பது அரிது. மலைநாட்டின் பாறை பெரும்பாலும் நைஸ், சார்னோக்கைட் வகை. எளிதில் கரையும் சுண்ணாம்பு அதில் மிகக் குறைவு. கொட்டும் மழையும் மண்ணில் இருந்த கொஞ்சத்தையும் அலசிக்கொண்டு போய்விடுகிறது. தேயிலை இங்கே செழிப்பதற்கும் அதே அமில மண்தான் காரணம், தேயிலைக்கு 4.5 முதல் 5.5 வரையான பீ.எச். உகந்தது. அந்தச் சரிவில் இறங்கி ஊற்றாக வெளிவரும் தண்ணீர் கால்சியம் குறைந்து, காரத்தன்மை குறைந்து, மண்ணின் கரியமில வாயுவைச் சுமந்துகொண்டு வருகிறது. சீமெந்தில் சுண்ணாம்பு நிறைய இருக்கிறது. தனக்கு இல்லாததைத் தண்ணீர் அங்கிருந்து எடுத்துக்கொள்கிறது.

இதை எண்ணில் பார்க்க ஒரு வழி உண்டு. 1936 இல் லாங்கெலியர் என்ற அமெரிக்கப் பேராசிரியர் வகுத்த சமநிலைச் சுட்டெண்ணைத் தடாகக்காரர்கள் எளிமையாக்கி இப்படிப் போடுகிறார்கள்: தண்ணீரின் பீ.எச்., வெப்பத்துக்கான எண், கால்சியக் கடினத்துக்கான எண், காரத்தன்மைக்கான எண் ஆகிய நான்கையும் கூட்டி 12.1 ஐக் கழிக்க வேண்டும். விடை பூச்சியத்தை ஒட்டியிருந்தால் தண்ணீர் சமநிலையில் இருக்கிறது. பூச்சியத்துக்குக் கீழே 0.3 ஐத் தாண்டினால் சீமெந்தைத் தின்னும். மேலே அதே அளவு தாண்டினால் படை பிடிக்கும்.

மலைநாட்டு ஊற்றுத் தண்ணீரை வைத்துக் கணக்குப் போடுவோம். குளோரீன் போட்டு பீ.எச். 7.4 க்குக் கொண்டுவந்துவிட்டீர்கள். தண்ணீர் 19 பாகை. அதற்கு எண் 0.5. கால்சியம் லீற்றருக்கு 25 மில்லிகிராம், அதற்கு 1.0. காரத்தன்மையும் 25, அதற்கு 1.4. மொத்தம் 10.3. கழித்தால் விடை –1.8. பூச்சு கரைவதற்கு இதைவிடத் தோதான தண்ணீர் தேவையில்லை. குளிரும் இங்கே எதிரிதான். 29 பாகைக் கரையோரத் தடாகத்துக்கு வெப்ப எண் 0.7 கிடைக்கும். நமக்கு 0.5 தான், நுவரெலியாவில் 16 பாகைக்கு 0.4 தான். கொழும்புக் குழாய்த் தண்ணீரும் இதே மலையில் பிறந்த களனியின் தண்ணீர்தான், அதுவும் மென்னீர்தான். ஆனால் அங்கே சூடு கொஞ்சம் கைகொடுக்கிறது.

இதே தண்ணீரில் பீ.எச். 7.6, கால்சியம் 275, காரத்தன்மை 100 என்று ஏற்றிவிட்டால் சுட்டெண் பூச்சியத்தை ஒட்டி வந்துவிடும். 10 மீற்றர் நீளம், 5 மீற்றர் அகலம், சராசரி 1.4 மீற்றர் ஆழமுள்ள தடாகத்தில் 70,000 லீற்றர் தண்ணீர் இருக்கும். கால்சியத்தை 25 இலிருந்து 275 க்கு ஏற்ற சுமார் 26 கிலோ கால்சியம் குளோரைடும், காரத்தன்மையை 25 இலிருந்து 100 க்கு ஏற்ற சுமார் 9 கிலோ சோடியம் பைகார்பனேட்டும் வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் கொட்டாதீர்கள், தண்ணீர் பால் போல் கலங்கிவிடும். கால்சியம் குளோரைடு கரையும்போது கடுமையாகச் சுடும். வாளியில் முதலில் தண்ணீரை எடுத்து அதற்குள் உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும், ஒருபோதும் உப்பின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது.

அப்படியானால் மருந்தைப் போட்டுவிட்டு விருப்பமான பூச்சைப் பூசலாமே என்று கேட்பீர்கள். இங்கேதான் மழை குறுக்கே வருகிறது. 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் மேலே சொன்ன தடாகத்தில் 5,000 லீற்றர் மழைநீர் நேரே விழுகிறது. அதே அளவு, மருந்து போட்ட தண்ணீர் வழிந்து போகிறது. ஒரு தென்மேற்குப் பருவத்தில் 1,400 மில்லிமீற்றர் விழுந்தால் தடாகத்தின் கொள்ளளவு முழுவதும் ஒருமுறை வந்து போனதாகும். கலந்து கலந்து வழிவதால் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாகத்தான் பழைய தண்ணீர் மிஞ்சும். 275 இல் இருந்த கால்சியம் 100 க்குப் போயிருக்கும். வருடத்துக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை காணும் வட்டவளைப் பக்கத்தில் இன்னும் வேகமாகக் கரையும். பங்களாவில் விருந்தினர் இல்லாத ஜூன், ஜூலையில் யாரும் தண்ணீரைச் சோதிப்பதில்லை. பூச்சு கெடுவது அந்த மாதங்களில்தான்.

அதனால் வாரம் தவறாமல் சோதித்து மருந்து போட ஆள் இருக்கிறாரா என்பதுதான் உங்கள் முதல் கேள்வி. இருக்கிறார் என்றால் உங்களுக்குத் தெரிவு அதிகம். இல்லையென்றால் சீமெந்து தண்ணீரைத் தொடாத பரப்பையே தேடுங்கள். ஊற்றுத் தண்ணீரை ஒருமுறையாவது ஆய்வுகூடத்தில் கொடுத்துப் பாருங்கள். தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபைக்கு ஆய்வுகூடங்கள் இருக்கின்றன. பீ.எச்., காரத்தன்மை, கால்சியக் கடினம், இரும்பு, மங்கனீசு ஆகிய ஐந்தையும் கேட்டு வாங்குங்கள். குடிக்கலாமா என்று மட்டும் பார்த்துத் தரும் அறிக்கை இந்த வேலைக்குப் போதாது.

பூச்சுக்கு முன் தொட்டி

எந்தப் பூச்சும் அசைகிற கொங்கிறீட்டைப் பிடித்து நிறுத்தாது. பங்களாத் தடாகங்கள் பெரும்பாலும் சரிவில்தான் அமைகின்றன. பாதி வெட்டிய மண்ணிலும் பாதி நிரப்பிய மண்ணிலும் தொட்டி உட்கார்ந்தால், இரண்டும் சேரும் கோட்டில் வெடிப்பு வரும். நுவரெலியா மாவட்டம் மண்சரிவு அபாயமுள்ள மாவட்டம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அனுமதியைக் கடதாசி வேலை என்று எண்ணி ஒதுக்காதீர்கள். பழைய தடாகத்தில் வெடிப்பு இருந்தால் அதன் இரண்டு முனைகளிலும் பென்சிலால் கோடு போட்டுத் திகதி எழுதுங்கள். ஒரு மழைக்காலம் போன பிறகும் வெடிப்பு கோட்டைத் தாண்டவில்லையென்றால் அடைத்துவிட்டு மேலே போகலாம். தாண்டியிருந்தால் பூச்சுக்குச் செலவழிக்கும் காசை அடித்தளத்துக்கு ஒதுக்குங்கள்.

புதுத் தொட்டியைப் பூசும் முன் நிரப்பி ஒரு வாரம் விடுங்கள். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரும் வையுங்கள். வாளியில் குறைவது காற்றுக்குப் போனது, தொட்டியில் அதற்கு மேல் குறைந்தால் கசிவு. பூச்சுப் பூசிய பிறகு கசிவைத் தேடுவதைப் போலப் பணத்தையும் மனதையும் வாட்டும் வேலை வேறில்லை.

வெள்ளைப் பூச்சு

வெள்ளைச் சீமெந்தும் மாபிள் தூளும் கலந்து 10 முதல் 12 மில்லிமீற்றர் தடிப்பில் இழுக்கும் பூச்சுதான் உலகெங்கும் பழையது, மலிவானது. மலைநாட்டுக்கு இது வேண்டாம் என்பதே என் கருத்து. சீமெந்து கரைவது ஒரு பக்கம் இருக்கட்டும். மாபிள் தூள் என்பதே சுண்ணாம்புக் கல்தான். மாத்தளையிலிருந்தும் திகணையிலிருந்தும் மலிவாக வரும் வெள்ளைக் கல் டொலமைட் கலந்த மாபிள். அமிலம் சாய்ந்த மென்னீர் பசையையும் கல்லையும் சேர்த்தே தின்கிறது. முதலில் பளபளப்பு போகும். பிறகு குழந்தைகளின் முழங்காலும் கால்விரலும் உரசிச் சிவக்கும். அந்தச் சொரசொரப்பில் பாசி பிடிக்கும். பாசியைத் தேய்க்க ஆள் கம்பித் தூரிகையை எடுப்பார், சொரசொரப்பு இன்னும் கூடும்.

அந்தக் கட்டத்தில் யாராவது ஒருவர் மூரியாட்டிக் அமிலம் ஊற்றிக் கழுவினால் புதுசு போல வரும் என்பார். வரும்தான். மேலேயிருந்த ஒரு படை கரைந்து போய் அடியில் இருந்த வெள்ளை தெரிவதால் வரும் புதுசு அது. இரண்டு மூன்று முறை கழுவினால் பூச்சே மிஞ்சாது.

நம் பாஸ்மார் சிவப்புச் சீமெந்துத் தரை இழுப்பதில் கைதேர்ந்தவர்கள். பங்களாக்களின் பழைய வராந்தாக்கள் அதற்குச் சாட்சி. அந்தக் கைப்பழக்கத்தோடு தடாகத்துக்குள் இறங்கும்போது இரண்டு விஷயத்தில் கவனம் வேண்டும். ஈரப் பூச்சின் மேல் சீமெந்துத் தூளைத் தூவி மினுக்கக் கூடாது. அந்த மெல்லிய படைதான் முதலில் மயிர்வெடிப்பு விடும், முதலில் கரையும். குளிரில் இறுக நேரமாகிறது என்று கலவையில் கால்சியம் குளோரைடு போடவும் கூடாது. தடாகத் தண்ணீருக்கு நல்ல மருந்தான அதே பொருள் பூச்சுக்குள் போனால் திட்டுத்திட்டாக நிறம் மாறும்.

கல்மணிப் பூச்சு

சீமெந்துப் பூச்சுதான் வசதிக்கு ஒத்துவரும் என்றால் குவார்ட்ஸ் மணி கலந்த பூச்சுக்குப் போங்கள். குவார்ட்ஸ் சுண்ணாம்பல்ல, மென்னீர் அதைத் தொடாது. இடையிலுள்ள சீமெந்து மட்டுமே கரையும், அதுவும் மெதுவாக. கூழாங்கல் பூச்சும் அப்படித்தான், ஆனால் காலுக்கு உறுத்தும். தண்ணீரைச் சரியாகப் பார்த்துக்கொண்டால் 10 வருடத்துக்கு மேல் நிற்கும். பார்க்காவிட்டால் மணிகள் ஒவ்வொன்றாகக் கழன்று வடிகட்டிக்குள் வரும். வடிகட்டியைக் கழுவும்போது மணி கிடந்தால் அன்றே தண்ணீரைச் சோதியுங்கள்.

குவார்ட்ஸ் என்று சொல்லி டொலமைட்டை அனுப்புவதும் உண்டு. இரண்டும் வெள்ளைதான். ஒரு பிடியைத் தூளாக்கி ஒரு துளி அமிலம் விடுங்கள். நுரைத்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள். மணலையும் பாருங்கள்: மலைநாட்டு ஆற்றுமணலில் மைக்கா அதிகம். உள்ளங்கையில் தேய்த்து வெயிலில் நீட்டினால் மினுமினுவென்று செதில் ஒட்டியிருக்கும். அந்த மணல் அடிப்பூச்சுக்கு ஆகாது.

டைல்

கையில் காசிருந்தால், அல்லது ஒரு வருடம் பொறுத்துக் காசு சேர்க்க முடியுமானால், தடாகம் முழுவதும் டைல் பதியுங்கள். ஹட்டன், நுவரெலியாத் தண்ணீருக்கு நான் மனதாரச் சொல்லக்கூடிய பரப்பு இதுதான். கண்ணாடி மொசைக் தண்ணீரைக் குடிப்பதேயில்லை. போர்சலின் டைல் 0.5 சதவீதத்துக்கு மேல் குடிக்காது. குளியலறைச் சுவருக்கு ஒட்டும் மினுக்கு டைலை மட்டும் வாங்கிவிடாதீர்கள். அதன் முதுகு தண்ணீரை உறிஞ்சும், நாளடைவில் மினுக்கு செதிலாகக் கழலும்.

டைல் பல வருடம் நிற்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். கெடுவது இடைவெளியில்தான். சீமெந்துக் கிரவுட் போட்டால், வெள்ளைப் பூச்சை எந்தத் தண்ணீர் தின்றதோ அதே தண்ணீர் கிரவுட்டையும் தின்னும். 20 மில்லிமீற்றர் மொசைக்கில் ஒரு சதுர மீற்றருக்குள் எத்தனை இடைவெளி என்று எண்ணிப் பாருங்கள். கிரவுட் போனதும் தண்ணீர் பின்னால் புகுந்து பசையைக் கரைக்கும், இடைவெளியில் வெள்ளைக் கண்ணீராகச் சுண்ணாம்பு வழியும், பிறகு டைல் கழலும். எனவே எபொக்சிக் கிரவுட் மட்டுமே. விலை அதிகம், வேலை கடினம், ஆனாலும் இதில் சிக்கனம் பார்ப்பது டைலுக்குக் கொடுத்த காசையும் சேர்த்து இழப்பதாகும்.

எபொக்சிக்குக் குளிர் பிடிக்காது. பக்கெட்டின் மேல் எழுதியிருக்கும் குறைந்தபட்ச வெப்பத்தைப் படியுங்கள். பெரும்பாலும் 10 பாகைக்கு மேல்தான் இருக்கும். ஜனவரி, பெப்ரவரியில் நுவரெலியாவின் இரவு அதற்குக் கீழே போகும், புல்லில் உறைபனி விழும் நாளும் உண்டு. அதனால் வேலையைக் காலை பத்து மணிக்குத் தொடங்கிப் பிற்பகல் இரண்டோடு நிறுத்துங்கள். தடாகத்தின் மேல் தறப்பாள் கூடாரம் அடித்து இரவில் உள்ளே பெரிய பல்புகளை எரிய விடுங்கள். ஒரே தடவையில் நிறையக் கலக்காமல் இரண்டு பேர் முடிக்கக்கூடிய அளவு மட்டும் கலக்கச் சொல்லுங்கள். ஒருவர் அழுத்திக்கொண்டு போக, மற்றவர் பின்னாலேயே துடைத்துக்கொண்டு வர வேண்டும். மறுநாள் துடைக்கலாம் என்று விட்ட மங்கல் பிறகு போகாது.

மொசைக் தாளாக வரும். முகப்பில் கடதாசி ஒட்டியதும் உண்டு, முதுகில் வலை ஒட்டியதும் உண்டு. தடாகத்துக்குக் கடதாசி முகப்புள்ளதையே கேளுங்கள். வலையும் அதன் பசையும் டைலின் முதுகை மறைத்து, பிடிப்பைக் குறைக்கும். பதிக்கும் பசை பொலிமர் கலந்ததாக, தண்ணீருக்குள் பாவிக்கலாம் என்று தயாரிப்பாளரே எழுதிக் கொடுத்ததாக இருக்கட்டும். வேலை நடக்கும்போது நீங்கள் அங்கே நில்லுங்கள். பதித்த தாள் ஒன்றைச் சொல்லாமல் கொள்ளாமல் உரித்துப் பாருங்கள். டைலின் முதுகு முழுவதும் பசை படிந்திருக்க வேண்டும். நாலு மூலையில் மட்டும் பொட்டு வைத்தாற்போல இருந்தால் அந்தச் சுவரையே திரும்பப் பதிக்கச் சொல்லுங்கள். காய்ந்த பிறகு நாணயத்தால் தட்டினால் பொள்ளல் சத்தம் கேட்கும், ஆனால் அப்போது உடைத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

மற்றவை

பெயின்ட் வேண்டாம். குளோரினேற்றிய ரப்பர் பெயின்ட் இரண்டு மூன்று வருடம், எபொக்சிப் பெயின்ட் அதைப்போல இரண்டு மடங்கு. மலையின் கடும் வெயில் நாட்களில் மேற்பரப்பு மாவாக உதிரும். ஈரம் முற்றாகக் காயாத சுவரில் அடித்தால் கொப்புளிக்கும், மூடுபனியில் எந்தச் சுவர்தான் முற்றாகக் காய்கிறது? ஒவ்வொரு முறையும் தடாகத்தை வெறுமையாக்க வேண்டியிருப்பது இதைவிடப் பெரிய குறை. அதைக் கீழே சொல்கிறேன்.

1.5 மில்லிமீற்றர் தடிப்புள்ள, நூல்வலை பதித்த பீ.வி.சி. விரிப்பை அந்த இடத்திலேயே சூடு காட்டி ஒட்டலாம். மென்னீருக்கு இதைவிடப் பொருத்தமானது குறைவு. தின்ன அதில் சுண்ணாம்பே இல்லை. பழைய, வெடித்த தடாகத்தைக் காப்பாற்ற நல்ல வழி. ஆனால் ஒட்டத் தெரிந்தவர் வேண்டும், கிழிந்தால் திரும்பவும் அவரே வர வேண்டும். வருவாரா என்பதை முதலே கேட்டுக்கொள்ளுங்கள். முழுசாக வார்த்த பைபர் தடாகம் நல்லதுதான், லொறி தோட்டத்துக் கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி வந்தால்.

நிறம்

பட்டியல்களில் இப்போது கருஞ்சாம்பலும் கரும்பச்சையும் அழகாக இருக்கின்றன. தேயிலை மலையும் மூடுபனியும் சேர்ந்து தடாகம் ஒரு சுனையாகத் தெரியும் என்பது உண்மைதான். ஆனால் பிற்பகல் மூன்று மணிக்குப் பனி இறங்கினால் கருந்தடாகத்தின் அடி தெரியாது. அடியில் ஒரு குழந்தை கிடந்தாலும் தெரியாது. கரையில் எங்கே நின்றாலும் அடியிலுள்ள வடிகால் மூடி தெளிவாகத் தெரிய வேண்டும். அதற்குக் குறைந்த எந்த நிறத்தையும் விருந்தினர் விடுதிக்கு நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். கருமை வெயிலை இழுத்துத் தண்ணீரைச் சூடாக்கும் என்பதும் வெயில் இருக்கும் ஊருக்குத்தான் பொருந்தும்.

சுத்த வெள்ளையும் வேண்டாம். ஊற்றில் இரும்பு இருந்தால் குளோரீன் போட்டதும் துருவாகப் படியும். யூக்கலிப்டஸ் இலை ஓரிரவு அடியில் கிடந்தால் இலையின் வடிவத்திலேயே பழுப்புக் கறை விடும். வெளிர் நீலம், வெளிர் சாம்பல் பச்சை போன்ற இடைநிறங்கள் கறையையும் மறைக்கும், அடியையும் காட்டும். படிகளின் விளிம்பில் மட்டும் ஒரு வரிசை கருநீல டைல் பதியுங்கள். வயதானவர்கள் இறங்கும்போது கால் வைக்கும் இடம் தெரியும். படியில் வழுக்காத டைல் வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

எந்த மாதம்

ஹட்டன் பக்கத்தில் ஜனவரி முதல் மார்ச் வரைதான் வேலைக்குத் தோதான காலம். ஏப்ரலில் நுவரெலியா வசந்தகாலக் கொண்டாட்டம், விடுதிகள் நிறையும். மே மாதத்தோடு தென்மேற்கு மழை பிடித்துக்கொள்ளும். ஒக்டோபர், நவம்பரில் இடிமழை. அடிப்பூச்சு இறுகக் குறைந்தது 28 நாள் விட வேண்டும், குளிரில் இன்னும் ஒரு வாரம் கூட்டிக்கொள்ளுங்கள். எனவே தைப்பொங்கலுக்கு முன்பே கொங்கிறீட் வேலையும் அடிப்பூச்சும் முடிந்திருக்க வேண்டும். மார்ச் மாதம் கூப்பிட்டு ஏப்ரலுக்குள் முடித்துத் தருகிறேன் என்கிறவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

வடிக்கும் தண்ணீர்

மழைக்காலத்தில் தடாகத்தை வெறுமையாக்கக் கூடாது. மலைச்சரிவின் நிலத்தடி நீர் கீழிருந்து தள்ளி டைலைப் பிதுக்கும், சிலவேளை தொட்டியையே தூக்கும். அடியில் அந்த நீரை உள்ளே விடும் அமுக்க வால்வு இருக்கிறதா, அது அடைபடாமல் திறக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வெறுமையாக்கிய தடாகத்தைத் திரும்ப நிரப்ப 70,000 லீற்றர் வேண்டும். லயத்தில் ஐந்து பேர் உள்ள குடும்பம் ஆளுக்கு 40 லீற்றர் வீதம் பாவித்தால் அது 350 நாளுக்கான தண்ணீர். வேலைக்குத் தோதான பெப்ரவரி, மார்ச்சில்தான் ஊற்றும் சுருங்கி, பீலியடியில் குடங்கள் வரிசையில் நிற்கும். பங்களாவின் குழாயும் லயத்தின் பீலியும் பல தோட்டங்களில் ஒரே ஊற்றில்தான் பிறக்கின்றன. இரண்டு மூன்று வருடத்துக்கொரு முறை வெறுமையாக்கிப் பெயின்ட் அடிக்கும் தடாகத்தையும், இருபது வருடம் வெறுமையாக்கத் தேவைப்படாத டைல் தடாகத்தையும் ஒப்பிடும்போது விலையில் இதையும் சேர்த்தே கணக்கிடுங்கள். நிரப்புவதை மழை பிடித்த முதல் வாரங்களுக்கு ஒத்திவைக்க முடிந்தால் ஒத்திவையுங்கள். முடியாவிட்டால் இரவில் மட்டும், லயத்துத் தாங்கி நிரம்பிய பிறகு, பல நாளாக நிரப்புங்கள்.

வெளியே போகும் தண்ணீரையும் யோசியுங்கள். குளோரீன் போட்ட தண்ணீரையோ, அமிலம் கழுவிய தண்ணீரையோ ஓடைக்குள் திறந்துவிட்டால் அது கீழே இன்னொரு லயத்தின் பீலிக்குப் போகிறது. குளோரீன் போடுவதை நிறுத்திச் சில நாள் வெயிலில் விட்டு, சோதித்துப் பார்த்து, குளோரீன் இல்லை என்று உறுதியான பிறகே புல்வெளியில் பரப்பி வடியுங்கள். ஓடைக்கும் தேயிலை வேருக்கும் வேண்டாம். வடிகட்டியைக் கழுவும் தண்ணீருக்குத் தனியே ஒரு ஊறுகுழி வெட்டுங்கள். பகுதியின் பொதுச் சுகாதாரப் பரிசோதகரோடு முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது.

ஒப்பந்தத்தில் எழுத வேண்டியவை

முதல் நாளிலிருந்து தண்ணீரைச் சமநிலைப்படுத்துவது யார் பொறுப்பு என்று எழுதுங்கள். புதுச் சீமெந்துப் பூச்சின் முதல் மாதம் மிக முக்கியம். அந்த மாதத்தில் நாள்தோறும் பீ.எச். பார்த்து, பூச்சுத் தூளைத் துலக்கி, வடிகட்ட வேண்டும். அதை ஒப்பந்தக்காரர் செய்கிறாரா, உங்கள் ஆள் செய்கிறாரா என்பது கையெழுத்தோடு இருக்கட்டும். குளோரீனில் வில்லை வடிவில் வரும் ட்ரைகுளோர் அமிலத்தன்மை உள்ளது. மென்னீர்த் தடாகத்தில் தொடர்ந்து பாவித்தால் காரத்தன்மையைக் கரைத்துவிடும். கால்சியம் ஹைப்போகுளோரைட் மணியாக வருவது நமக்குப் பொருந்தும், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கால்சியத்தையும் சேர்த்தே தருகிறது. எதைப் பாவிப்பது என்றும் எழுதுங்கள், பிறகு மருந்தின் மேல் பழி போட இடமிருக்காது.

மிச்சமான டைல், பசை, கிரவுட்டின் தொகுதி இலக்கங்களைக் குறித்து இரண்டு பெட்டி டைலைக் களஞ்சியத்தில் வையுங்கள். அதே நிறம் ஐந்து வருடத்துக்குப் பிறகு கடையில் கிடைக்காது. கூலியின் பத்தில் ஒரு பங்கை ஒரு தென்மேற்கு மழைக்காலம் முடியும் வரை நிறுத்திவைக்கவும் ஒப்புக்கொள்ளச் செய்யுங்கள். ஒக்டோபர் தொடக்கத்தில் ஒப்பந்தக்காரரும் நீங்களும் சேர்ந்து நீர்மட்டத்தை ஒரு முழம் இறக்கி, சுவரைக் கையால் தடவி, நாணயத்தால் தட்டிப் பார்த்துவிட்டு மீதியைக் கொடுங்கள்.